தலைக்கு ஒண்ணு, டிக்கெட்டுக்கு ஒண்ணு

அவள் மாமனார் முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையை விட்டு ஒன்பது வருஷமாகியும் ஆட்களை எண்ணுகிற பழக்கம் மட்டும் அவரை விடவில்லை. ஆஸ்பத்திரி வரிசையோ பால் கடையோ, நாலு பேர் சேர்ந்து நின்றால் விரல் தானாக நீண்டுவிடும். சும்மா எண்ண மாட்டார். ஆளுக்கு இரண்டு தட்டு. தலைக்கு ஒண்ணு, டிக்கெட்டுக்கு ஒண்ணு என்பார். பஸ்ஸில் சீட்டுக் கம்பியை அப்படித் தட்டிக்கொண்டே போவாராம். அதனால்தான் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் செக்கிங்கில் மாட்டவில்லை என்று அவருக்குப் பெருமை. கேட்டவர்களுக்கு அலுத்துவிட்டது, சொல்கிறவருக்கு அலுக்கவில்லை.

ஆறு நாளாக அவர் எண்ணிக்கொண்டிருப்பது ஒன்பது பேரை. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிற இடத்தில் மண் சரிந்து ஒன்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருவன் அவர் மகன். துளை போடும் மெஷினை ஓட்டுகிறவன். அவளுடைய புருஷன்.

போய்ப் பார்க்க வழியில்லை. மழையில் மலைப்பாதை அறுந்து கிடந்தது. கம்பெனிக்காரர்கள் சுரங்க வாய்க்கு எதிரே ஒரு கேமராவை நட்டு, குடும்பத்தார் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய மனசு. அந்தக் கேமராவுக்குச் சத்தமும் கிடையாது, பேச்சும் கிடையாது. படத்தின் இடது பக்கம் சுரங்கத்தின் வாய், வலது பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிற மேடு, நடுவில் சேறு. ஆறு நாளும் இதே படம்.

இன்றைக்குத்தான் ஆட்களை வெளியே எடுக்கிறார்கள். உள்ளே ஒரு பெரிய குழாயைச் செலுத்தி, அதன் வழியாக ஒவ்வொருவராக இழுப்பதாக ஏற்பாடு. நேற்றுச் சாயங்காலம் உள்ளே விட்ட பேச்சுக்குழாயோடு போனைச் சேர்த்துவைத்து, அவனை அவளிடம் பேசவைத்தார்கள்.

"நான் கடைசியாத்தான் வருவேன். மெஷினப் பத்தித் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். மத்தவங்க எல்லாம் சின்னப் பசங்க" என்றான்.

"எல்லாரும் வரட்டும். ஆனா நீங்க வரணும்" என்றாள் அவள்.

"வராம எங்க போறேன். ஒம்பதாவது ஆளு நான்தான்னு அப்பாகிட்டச் சொல்லு. எண்ணிக்கிட்டே இருக்கட்டும், பொழுது போகும்."

அதைச் சொன்னதும் கிழவர் அழவில்லை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வீட்டின் முன்அறைதான் இஸ்திரிக் கடை. தெருவைப் பார்த்த ஜன்னல், கம்பளி விரித்த நீண்ட மேஜை, சுவரோடு சுவராக மடித்து அடுக்கிய துணி. மேஜையின் ஓரத்தில், படம் பார்க்கிற டேப்லெட்டை நிறுத்திவைத்திருந்தாள். சட்டைக்குள் வைக்கிற அட்டை இரண்டைச் சாய்த்து அதற்கு முட்டுக் கொடுத்திருந்தாள். காலை எட்டு மணிக்கே பெட்டியைச் சூடு பண்ணிவிட்டாள். கிளினிக்கின் வெள்ளைக் கோட்டுகள் ஒரு மூட்டை கிடந்தது. இன்றைக்கு யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

ஒன்பதரைக்கு முதல் ஆள் வந்தான். ஸ்ட்ரெச்சரில், தலையிலிருந்து கால்வரை பழுப்புப் போர்வை, வெளிச்சம் படாமல் கண்ணுக்குக் கறுப்புத் துணி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. கிழவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, திரையில் அந்தப் போர்வையை நிதானமாகத் தட்டினார். டொக். சற்று விட்டு, டொக்.

"ஒண்ணு" என்றார்.

"மாமா, தொடாதீங்க. தொட்டா மேல என்னென்னமோ பட்டன் வருது."

"வந்தா வரட்டும். தானாப் போயிடும். எண்ணாம எப்படிம்மா?"

அடுத்த ஆள் வருவதற்குள் படம் நின்றுவிட்டது. திரை நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. மூன்று நிமிஷம் சுற்றிவிட்டு மறுபடி வந்தது. இரண்டு கோட்டு முடிவதற்குள் மறுபடி நின்றது. நாலாவது தடவை நின்றபோது அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இணையக் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டு ஓடியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் ஆட்டிவைத்தது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். சின்ன வயசுக் குரல்.

"வணக்கம் மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?"

"படம் நின்னு நின்னு போகுதும்மா. நேரலை."

"புரியுது மேடம். மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி, முப்பது செகண்டு கழிச்சு ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"அது தன்னால ஆஃப் ஆகி ஆன் ஆகுதும்மா. அதானே பிரச்சினையே."

"சரிங்க மேடம். படத்தோட தரத்தைக் குறைச்சுப் பாருங்க. மூலையில பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும்..."

"குறைச்சாச்சு. மூஞ்சி எல்லாம் சோத்துப் பருக்கை மாதிரித் தெரியுது. இன்னும் குறைச்சா ஆளே தெரியாது."

"வேற ஆப் ஏதாவது பின்னாடி ஓடுதா மேடம்? எல்லாத்தையும் மூடிடுங்க."

"ஒண்ணும் ஓடலை."

அந்தப் பெண் காகிதத்தைப் பார்த்துப் படிக்கிறாள் என்பது தெரிந்தது. அவளைக் கோபித்து என்ன செய்வது?

"மேடம், எந்த நிகழ்ச்சி பாக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா? மேட்ச்சுன்னா இன்னிக்குக் கூட்டம் அதிகம்..."

"மேட்ச்சு இல்ல. சுரங்கம். என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு."

அப்புறம் வந்த குரலில் காகிதம் இல்லை.

"அக்கா, மோடம் எந்தப் பிளக்குல இருக்கு? கூட வேற என்ன சொருகியிருக்கீங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். மேஜைக்கு அடியில் பழைய எக்ஸ்டென்ஷன் பெட்டி. ஒரு துளையில் மோடம், பக்கத்துத் துளையில் இஸ்திரிப் பெட்டி.

"இஸ்திரிப் பெட்டி."

"ஐயோ அக்கா. அதுதான். பெட்டி சூடாக ஆரம்பிச்சதும் கரண்டை இழுத்துக்குது, மோடம் செத்துச் செத்துப் பிழைக்குது. பெட்டிய நிறுத்துங்க. மோடத்துல மூணு விளக்கும் வரிசையா எரிஞ்சதும் படம் வந்துடும்."

அவள் சுவிட்சை அணைத்தாள். ஒரு விளக்கு, இரண்டு விளக்கு, மூணு விளக்கு. படம் வந்தது. இவ்வளவு நேரமும் தன் கையாலேயே தன் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தாளா என்று அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"வந்துடுச்சும்மா."

"இன்னொண்ணு அக்கா. கீழ 'நேரலை'ன்னு எழுதி, பக்கத்துல ஒரு புள்ளி இருக்கா? என்ன கலர்?"

"சிவப்பு."

"சிவப்புன்னா சரி. சாம்பலாயிடுச்சுன்னா, நீங்க பழசப் பாத்துட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். அந்தப் புள்ளியத் தொட்டா இப்ப நடக்கற இடத்துக்கு வந்துடும். மறந்துடாதீங்க." போனை வைக்கும் முன், "வந்துடுவாருக்கா" என்றாள் அந்தப் பெண். அது எந்தக் காகிதத்திலும் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு படம் ஒழுங்காக ஓடியது. முன்பு படம் நின்று நின்று போன நேரத்தில் யாராவது வந்திருப்பார்களோ என்று இருவருக்கும் சந்தேகம். ஆனால் கம்பெனிக்காரன் போன் பண்ணி, பத்தே முக்கால்வரை வந்தது மூணு பேர்தான் என்று சொன்னான். கிழவரின் கணக்கும் மூணுதான். அவர் அவளைப் பார்த்த பார்வையில், செக்கிங் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சந்தோஷம் இருந்தது.

அடுத்த வீட்டு டெய்லரம்மாவும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் மெஷின் சத்தம் சுவர் வழியாக வரும். ஆள் வெளியே வருகிறபோது மெஷின் நிற்கும், "வந்துட்டான், வந்துட்டான்" என்று குரல் கேட்கும். ஒன்றிரண்டு நொடி கழித்துத்தான் இங்கே திரையில் போர்வை தெரியும்.

"அவங்க வீட்டுப் படம் முந்திக்குது" என்று கிழவர் குறைப்பட்டுக்கொண்டார். "நம்ம புள்ளைய அவ முதல்ல பாக்கப்போறா."

"யாரு முதல்ல பாத்தா என்ன மாமா. வந்தாச் சரி."

பன்னிரண்டு மணிக்குள் ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஆறாவது ஆளை எண்ணியபோது கிழவரின் விரல் திரை நடுவில் இன்னொரு தரம் பட்டது. ஏதோ பட்டன் வந்தது, போனது. சேறும் சுரங்க வாயும் அப்படியே இருந்தன. வாசலில் மஞ்சள் கோட்டுக்காரன் ஒருவன் கைகட்டி நின்றான்.

காலையிலிருந்து இருவரும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தார்கள். அவள் உள்ளே போய்ச் சோறு வைத்தாள். பிசைந்து ஒரு தட்டில் அவருக்குக் கொடுத்துவிட்டுத் தானும் இரண்டு வாய் முழுங்கினாள். நடுநடுவே அடுத்த வீட்டில் மெஷின் நின்றது. "வந்துட்டான்" என்று கேட்டது. இங்கே திரையில் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டது.

"என்ன மாமா, அங்க சத்தம் கேட்குது, இங்க ஒண்ணும் காணோம்?"

"அவ ஆம்புலன்ஸ்காரன் நகந்தாலே கத்துவா" என்றார் கிழவர். அவர் பார்வை அந்த மஞ்சள் கோட்டுக்காரன் மேலேயே இருந்தது. "இவனப் பாரு. அரை மணி நேரமா அசையாம நிக்கிறான். இதான்மா வேலை. இப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல. மழைக்குக்கூட ஒதுங்கலை."

"மழை விட்டிருச்சு போல மாமா. துளியக் காணோம்."

கை கழுவிவிட்டு வந்த கிழவர், அந்த நல்ல வேலைக்காரனைப் பாராட்டுகிற மாதிரி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சள் கோட்டுக்காரன் உடனே கைக்கட்டை அவிழ்த்துத் திரும்பி ஓடினான். மழையும் கூடவே பெய்தது.

"ஏழாவது ஆளு வரான் போல" என்றார்.

ஏழாவது ஆள் வந்தான். டொக், டொக். அடுத்த வீட்டில் சத்தம் இல்லை. மெஷின் ஓடவும் இல்லை.

அதற்கப்புறம் இருவரும் உட்காரவில்லை. எட்டாவது ஆள் வர இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் கோட்டு ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கிழவர் திரையின் இடது பக்கம், சுரங்க வாய்க்கு நேரே விரலைத் தயாராக வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். கண்புரை எடுத்த கண் ஒன்றில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஸ்ட்ரெச்சரின் முனை தெரிந்தது. முன்னால் தூக்கி வந்தவன் ஒரு கையில் உறை போடவில்லை. போர்வை அவசரத்தில் புரட்டிப் போட்டிருந்தது. கரைத் தையல் மேலே தெரிந்தது, மூலையில் கட்டைவிரல் அளவுக்குத் தீப்பட்ட பொசுங்கல். துணியிலேயே வாழ்கிறவள் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது.

கிழவருக்குப் பொறுமை போய்விட்டது. படபடவென்று இரண்டு தட்டுத் தட்டினார்.

"எட்டு."

வட்டம் சுற்றியது. வட்டம் மறைந்து மறுபடி சுரங்க வாய் வந்தது. ஆளில்லாத இருட்டு. பத்து நொடிகூட ஆகவில்லை, இருட்டுக்குள்ளிருந்து ஸ்ட்ரெச்சரின் முனை தெரிந்தது.

"அம்மாடி" என்றார் கிழவர். விரல் திரைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. பிறகு, சாமான் உடைந்துவிடும் என்று பயப்படுகிறவர் மாதிரி, மெதுவாகத் தொட்டார். ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

"ஒம்பது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, ஆறு நாளாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தார். "ஒம்பதும்மா. ஒம்பது. நானே எண்ணினேன். என் கையால எண்ணினேன். சொன்னபடி வந்துட்டாம்மா எம் புள்ள."

அவளும் அழுதாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஸ்ட்ரெச்சரை மேட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தப் போர்வைக்குள் அவன். அதை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள்ள நினைத்தாள்.

முன்னால் தூக்கிப்போகிறவன் ஒரு கையில் உறை இல்லை. கரைத் தையல் மேலே தெரிந்தது. மூலையில் கட்டைவிரல் அளவுக்குப் பொசுங்கல்.

"அவன் நீலச் சட்டைய எடுத்து இஸ்திரி போடும்மா" என்றார் கிழவர், மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து. "ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போகணும். என்னத்தப் போட்டுட்டு வருவான் பாவம். நான் போய் டெய்லரம்மாகிட்டச் சொல்லிட்டு வரேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார். அவள் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவர் தெருவில் இருந்தார்.

திரையின் கீழே பார்த்தாள். 'நேரலை' என்று எழுதியிருந்தது. புள்ளி சாம்பல் நிறம்.

எப்போதிருந்து சாம்பல்? மஞ்சள் கோட்டுக்காரன் அசையாமல் நின்றது நினைவுக்கு வந்தது; நின்றது அவன் இல்லை, படம். மழைத்துளி காணாமல் போனது நினைவுக்கு வந்தது. சோறு தின்றுகொண்டிருந்தபோது அடுத்த வீட்டில் இரண்டு தரம் "வந்துட்டான்" என்று கேட்டதே, அது ஏழும் எட்டும். அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதாவது ஆளுக்கு டெய்லரம்மா கத்தவே இல்லை. மாமா படபடவென்று தட்டிய இரண்டு தட்டில் படம் பத்து நொடி பின்னால் போயிருக்கிறது; ஒன்பது என்று அவர் எண்ணியது அதே எட்டாவது ஆளைத்தான்.

இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டுப் பேர் வந்துவிட்டார்கள், அவன் கடைசி ஆள், இனிமேல்தான் வருவான். கையைத் துணியில் துடைத்தாள். விரல் திரைக்குப் போகவில்லை. தொடாதவரைக்கும் அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான், மெஷினுக்குப் பக்கத்தில், கடைசியாக வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு. அப்படியே நின்றாள். பிறகு புள்ளியைத் தொட்டாள்.

புள்ளி சிவப்பாயிற்று.

சுரங்க வாயே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் ஈர மண் சரிந்து முற்றம்வரை வழிந்து கிடந்தது. அதன்மேல் மழைநீர் சேறாக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் ஓடவில்லை, யாரும் தோண்டவில்லை. இருபது முப்பது பேர் சேற்றில் வரிசையில்லாமல் நின்றார்கள். எல்லாருடைய தலையும் மழையில் நனைந்தது. தலைக்கவசம் எல்லாம் கையில் இருந்தது. நடுவில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதன்மேல் பழுப்புப் போர்வை ஒன்று, மடிப்புக் கலையாமல்.

மேஜைமேல் அவள் போன் அதிர்ந்தது. கம்பெனிக்காரனின் நம்பர். அதை எடுத்துக் கோட்டுகளுக்கு அடியில் வைத்தாள். துணிக்குள் அது ஒரு நிமிஷம் உறுமிவிட்டு ஓய்ந்தது.

வாசலில் கிழவரின் குரல் கேட்டது. வருஷக்கணக்காக இல்லாத தெம்பு அந்தக் குரலில். "சொல்லிட்டேம்மா. ஒம்பதும் வந்தாச்சு, நானே எண்ணினேன்னு சொன்னேன். அவ வாயே திறக்கலை, என் கையப் பிடிச்சுக்கிட்டு அழறா. நல்ல மனசுக்காரிம்மா. நம்ம புள்ளைக்கு அப்படி அழறா."

அவருக்குப் பின்னால் ஜன்னல் பக்கம் டெய்லரம்மா வந்து நின்றாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அவள் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. இவள் அவளைப் பார்த்து, இல்லை என்று தலையை ஒருதரம் ஆட்டினாள். டெய்லரம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எங்க, தள்ளு, இன்னொரு தரம் பாத்துக்கறேன் அவன" என்று கிழவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தார்.

அவள் குனிந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். பெட்டி கரண்டை இழுத்தது. மேஜைக்கு அடியில் மோடத்தின் விளக்குகள் மூன்றும் அணைந்தன. திரை கறுத்து, வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அட, நின்னுடுச்சே."

"பெட்டி போட்டேன் மாமா. சட்டை இஸ்திரி போடச் சொன்னீங்களே."

"ஆமாமா, போடு போடு. மூணு நிமிஷத்துல வந்துடும்ல?"

"வந்துடும் மாமா."

கிழவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டே, தொடையில் இரண்டிரண்டாகத் தட்டி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அவள் நீலச் சட்டையைக் கம்பளிமேல் விரித்தாள். காலரை நீவி, தோளை நீவி, பட்டன்களைச் சுற்றி முனையை ஓட்டினாள். தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னலில் டெய்லரம்மாவோடு இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

மேஜைக்கு அடியில் முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது எரிந்தது. அவள் பெட்டியை அணைத்து, மூன்றாவது விளக்கு எரியும் முன் மறுபடி போட்டாள்.